ஆறு நாள் விரதமும் என் மாமியாரும்

பந்திங்கில் இருக்கும் என் கொழுந்தனார் பள்ளிக்கே தொலைபேசியில் அழைத்தார். "அண்ணி, அம்மா போயிட்டாங்க. காலையில பசியாறிட்டு நாற்காலியில உக்காந்தாங்க, அவ்வளவுதான்." ஆசிரியர் அறையில் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தாளை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் ராசம்மாள் இருந்திருந்தால், "பாதியில விட்டுட்டு வந்தா அந்தப் புள்ளைக்கு யாரு மார்க் போடுவா?" என்றுதான் கேட்டிருப்பார்.

பண்டமாரான் முருகன் கோயிலில் அவரோடு சஷ்டி விரதம் இருந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாய் கொஞ்சம் நீளம். விரதம் என்று சொல்லிவிட்டு மத்தியானம் ரொட்டி சானாய் தின்றவளை வருடக்கணக்கில் விடாமல் கிண்டல் செய்தவர். ஆனால் பிற்காலத்தில் பிள்ளை வேண்டி வந்த பெண்களிடம், விரதம் சொல்லுமுன், "தலைக்குக் குளிச்சது எப்ப?" என்று கேட்க ஆரம்பித்தார். உங்களில் சிலருக்கு அது கூச்சமாகக்கூட இருந்தது. ஏன் கேட்டார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் இருக்கும்வரை அதைச் சொல்வது எனக்கும் முறையாகப் படவில்லை.

எனக்குக் கல்யாணமானது எழுபதுகளின் கடைசியில். என் கணவர் போர்ட் கிள்ளானில் கிளர்க், நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. முதல் வருடம் முடிந்ததுமே அத்தை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். எல்லாரும் ஐப்பசியில் இருக்கும் ஆறு நாள் விரதத்தை எங்கள் வீட்டில் நான் மாதாமாதம் இருக்க வேண்டும். அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி சஷ்டி வரை ஒருவேளைச் சாப்பாடு. அந்த ஆறு இரவும் கணவரை விட்டு அத்தையின் அறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். "சஷ்டியில இருந்தா அகப்பையில வரும்" என்பார். நானும் நம்பித்தான் இருந்தேன்.

அவரைக் கொடுமைக்கார மாமியார் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை உறவுக்காரி ஒருத்தி என் கண்ணெதிரிலேயே வேறு ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அத்தை அதைத் தொடவில்லை. "என் மருமக உயிரோட இருக்கா. வந்த வேல முடிஞ்சுதுன்னா தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார். அன்று அவரைக் கும்பிடத் தோன்றியது. அடுத்த அமாவாசைக்கு மறுநாள் வழக்கம்போலப் பாயை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

மூன்றாம் வருடம் பள்ளித் தோழி ஒருத்தி என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினாள். தினமும் காலையில் எழுந்திருக்குமுன் வாயில் தெர்மாமீட்டர் வைத்து உடம்புச் சூட்டைக் குறித்து வரச் சொன்னார் டாக்டர். சில மாதக் குறிப்பைப் பார்த்தபின், "இந்த நாள்கள்ல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்தில் தலைக்குக் குளிக்கிற உடம்பு என்னுடையது. சூடு ஏறுவதற்கு முந்தைய அந்த நாட்கள் அத்தனையும் அத்தையின் அறையில் கழிந்தவை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட நீயே சொல்லிடு லா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஆண் பிள்ளையின் தைரியம் அவ்வளவுதான்.

நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். அத்தைதான் கேட்டார். "தெனம் காலையில அத வாயில வச்சிக்கிற. தெனமுமா காய்ச்சல் உனக்கு?" தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஒப்பித்தேன். மாதம் ஒரு முட்டை சினைப்பையிலிருந்து வெளியே வருகிறது, அது வந்தபின்தான் உடம்பில் லேசாகச் சூடு ஏறுகிறது, அடுத்த தீட்டு வர அப்போது இரண்டு வாரம்போல இருக்கும் என்றேன். துருவல் நின்றது.

"அந்த முட்ட எத்தன நாளு இருக்கும்?"

"மிஞ்சிப் போனா ஒரு நாள், அத்தை."

"ஒரு நாளா? அப்ப ஆம்பளையோடது?"

"நாலஞ்சு நாள் உள்ளயே காத்திருக்குமாம். அதனால முட்டை வர்றதுக்கு முன்னால இருக்கிற நாள்தான் முக்கியமாம். குழாயில ரெண்டும் சேர்ந்து கருவாகி, அப்புறம் மெல்ல இறங்கி வந்து கர்ப்பப்பையில ஒட்டுமாம்."

அவர் விரல் மடக்கி அமாவாசையிலிருந்து எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். பிறகு தேங்காயைத் துருவி முடித்தார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்பு, அந்த டாக்டர நான் பாக்கணும்" என்றார். பஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸ் போனோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கேட்டார்: "நாந்தான் தடுத்தேனா?"

டாக்டர் மழுப்பவில்லை. "அப்படி உறுதியாச் சொல்ல முடியாது ஆன்டி. நாள் சரியா இருந்தாலும் பல மாசம் ஆகலாம், வேற காரணமும் இருக்கலாம். ஆனா அந்த நாள விட்டுட்டா சான்ஸே இல்ல."

அத்தை தலையாட்டினார். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் பாயோடு அவர் அறை வாசலில் நின்றேன். "ஒன் ரூமுக்குப் போ. வேண்டிக்கிட்டவ நான், விரதம் நான் இருந்துக்கறேன்" என்று கதவைச் சாத்தினார். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. ஆறு நாளும் ஒருவேளைச் சோறு. எனக்கு மூன்று வேளையும் அவரே சமைத்துப் போட்டார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஏழெட்டு மாதம் போனது. ஒவ்வொரு மாதமும் நான் தலைக்குக் குளித்து வரும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் காப்பியைக் கையில் கொடுப்பார். விரதத்தை மட்டும் விடவில்லை. கடைசியில் நாள் தள்ளிப்போய், டாக்டர் சோதித்து உறுதி சொன்ன அன்று, "சரி, படி ஏறும்போது பாத்து ஏறு" என்றார்.

மகளுக்குப் பெயர் வைத்த அன்று நீங்கள் பலரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தீர்கள். "பாத்தீங்களா ராசம்மாக்கா, நீங்க இருந்த விரதம் வீண்போகல. முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்றார் உங்களில் ஒருவர். அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார்: "முருகன் எப்பவோ குடுத்திருப்பான். நாந்தான் கதவச் சாத்தி வச்சிருந்தேன். இவமேல ஒரு கொறையும் இல்ல."

அதன் பொருள் அன்று யாருக்கும் விளங்கவில்லை. பழி யாருடையது என்று அவர் சொன்னது மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. குழந்தைக்குப் பால் நேரம் என்று சொல்லி மகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அது பால் நேரம் இல்லை. எனக்கு அழ வேண்டியிருந்தது.

என்னிடம் தனியாக அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் இருவருக்குள் அது முடிந்துபோயிருக்கும். ஊரே என் வயிற்றைப் பார்த்துப் பேசியது என்பதால், ஊர் கூடியிருந்த இடத்தில் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த ஒரு பேச்சைத்தான்.