எங்க காலனியில ரெண்டு முதல் தெரு

என்னயப்போல தபால்காரனுக்கு நாய்கூடப் பரவாயில்ல, ஒரு பிஸ்கோத்துல வழிக்கு வந்துரும். பேரில்லாத தெரு வராது. காக்கிச்சட்டை மாட்டி வெயில்ல சைக்கிள் மிதிச்ச மகராசன்களே, உங்களுக்கா தெரியாது?

எது முதல்?

சுதந்திரம் வந்து எட்டொம்பது வருசம் இருக்கும். ராமநாதபுரத்துக்கு வெளிய கருவேலங்காட்ட அழிச்சு, நாலு தெரு போட்டு, காலனின்னாக. பேரும் கிடையாது, போர்டும் கிடையாது. கெழக்கோரத்துல பாம்பன்காரக. அவுக கடல் பக்கமிருந்து எண்ணுனாக. மேக்கோரத்துல சிக்கல் ஊருச் சம்சாரிக, வெள்ளாமைக்காரக. அவுக கம்மாய்ப் பக்கமிருந்து எண்ணுனாக. ஆக, ரெண்டு ஓரமும் முதல் தெரு.

படகுக்காரரு காதர் பாய்க்கு அலைச் சத்தத்த மீறிப் பேசிப் பழகுன தொண்டை: "சூரியன் வாரது எங்க பக்கம், தம்பி." சம்சாரி முத்தையா அண்ணன் வெத்தலைய ஒரு கன்னத்துல ஒதுக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி விடுவாரு: "சூரியன் வரட்டும்லே. குடிக்கத் தண்ணி எங்கிட்டிருந்து வருது?"

பூட்டுன வீடு

முத்தையா அண்ணன் மக காளியம்மா டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிட்டு வேலை ஆர்டருக்குக் காத்திருந்துச்சு. கூடப் படிச்ச பிள்ளைக்கு வந்துருச்சு. எல்லாரும் திங்கக்கிழமை சேரணும்னு அதுல இருக்கு, தவறுனா அடுத்த ஆளுக்குப் போயிரும். சனிக்கிழமை என் சைக்கிளையே மறிச்சிருச்சு.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வியாழக்கிழமை 'முதல் தெரு, ஏழு'ன்னு ஒரு பழுப்புக் கவர, பேரைப் பாக்காம, கெழக்கோரத்து ஏழாம் நம்பர் கதவிடுக்குல தள்ளியிருந்தேன். அது காதர் பாய் வீடு; மேக்கோரத்து ஏழுதான் முத்தையா அண்ணன் வீடு. அவரு பூட்டிட்டு, மகன் நிக்காவுக்குப் பாம்பன் போயிட்டாரு. விசயத்தச் சொன்னேன். என் மூஞ்சியப் பாத்துக் காளியம்மா சொல்லுச்சு: "அழுகுறதா இருந்தா ரயில்ல அழுதுக்கங்கண்ணே. மொதல்ல போயி சாவிய வாங்கிட்டு வாங்க."

நாலாவது ஆளு

ஞாயித்துக்கிழமை பாம்பன்ல நிக்காப் பந்தி. ஒரே பெரிய தட்டுல நாலு பேரு கூடிச் சாப்பிடுற சஹன் சாப்பாடு. நான் சாவி, சாவின்னு பறக்குறேன். காதர் பாய் கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு: "தட்டுல மூணு பேருதான் இருக்கோம். கைய வைங்க தம்பி. ரயிலுக்கு நேரமிருக்கு, சாவி என் மடியிலதான் இருக்கு."

போர்டு எழுதுன கதை

அன்னைக்கு ராத்திரியே கதவத் தொறந்து கவர எடுத்துக் குடுத்தேன்; திங்கக்கிழமை காளியம்மா பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போட்டுருச்சு. அடுத்த வாரம் தெருவுக்குப் போர்டு எழுதக் கூட்டம். முத்தையா அண்ணன் எந்திரிச்சு, "நிக்கா வீட்டுலருந்து சாவி குடுத்த மனுசன் தெருவே முதலா இருக்கட்டும்"ன்னாரு. காதர் பாய் விடுவாரா? "வாத்தியாரம்மா இருக்குற தெருதான் முதல். எங்களுது நாலு." ரெண்டு பேரும் பொழுதடையிற வரைக்கும் அசையல. கடைசியில பெயிண்டர் டப்பாவ மூடிட்டு வந்தான்: "ரெண்டு ஓரத்துலயும் நாலுன்னே எழுதிட்டேண்ணே. இனி யாருக்கும் வருத்தமில்ல."

சண்டை போட்டப்ப ரெண்டு முதல் தெருவுக்கு அலைஞ்ச நான், சமாதானமானப்புறம் ரெண்டு நாலாம் தெருவுக்கு அலைஞ்சேன்.