பேனரில் வராத முகம்

காந்தி மார்க்கெட் பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு நான்தான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். பெரிய படங்களைத் திறந்தால் மெமரி போதாமல் கம்ப்யூட்டர் நின்றுவிடும். சோம்பல்பட்டு, எந்தப் படத்தையும் திறக்கும்போதே தெளிவைக் குறைத்துச் சுருக்கிவிடும்படி செய்தேன். முழுப் படத்தையும் அப்படியே போடும் கல்யாண பேனர்களில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் நான் கடையில் இருந்தபோது துறையூர்க்காரர் ஒருவர், மகளின் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக வந்தார். அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு காலேஜ் குரூப் போட்டோதான். அதில் அவள் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். மெஷினிலிருந்து வந்தது முகமல்ல, கட்டம் கட்டமாக வெறும் நிறங்கள்.

"கொஞ்சம் இருங்க, சரிபண்ணித் தரேன்" என்றேன்.

"எடுக்குற நேரமாச்சுங்க. பரவாயில்ல, ஊர்ல எல்லாருக்கும் அவளத் தெரியும்" என்று சுருட்டி வாங்கிக்கொண்டார்.

இப்போது படத்தைப் பகுதி பகுதியாகத் திறக்கும்படி மாற்றிவிட்டேன். எவ்வளவு பெரிய படமும் தெளிவாக வருகிறது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.