குண்டன் மயங்கி எழுந்த நாள்

கார் ஓட்டச் சொல்லித்தரும் மாஸ்டருக்குத் தன் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருந்தால்தான் நிம்மதி. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் கார் வேகமெடுத்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். மடியில் கிடக்கும் குண்டன் அசையாது. சப்பை மூக்கு நாய். அது விடும் குறட்டை பக்கத்து வீடுவரை கேட்கும்.

குண்டனின் கடைவாய்ப் பல் சீழ் பிடித்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்றார் கால்நடை டாக்டரம்மா. பிடுங்க வேண்டிய நாள் காலையில் மாஸ்டர் குண்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நடுவுல ஏதாவது ஆயிட்டா டாக்டர்?"

"ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார்," என்றார் டாக்டரம்மா. "இந்த மூக்குக்கு மயக்கத்துல தொண்டை அடைச்சுக்கும். அதான் ரத்தம், இதயம் எல்லாம் முன்னாடியே பாத்துட்டேன். முதல்ல ஆக்சிஜன், அப்புறம் மூச்சுக்குழாய்ல டியூப். நான் பல்லைப் பாப்பேன். நர்ஸுக்கு மூச்சைப் பாக்கறது மட்டும்தான் வேலை. காலையில எதுவும் குடுக்கலையே?"

"பச்சைத் தண்ணி மட்டும்தான்," என்றார் மாஸ்டர் விறைப்பாக.

மனைவி கைப்பையின் வாரை முறுக்கினாள். "பாவமா பாத்துச்சு... ரெண்டு பிஸ்கட்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போனா பெரிய வம்பு. நாளைக்கு வாங்க."

அன்று வீட்டு பிஸ்கட் டப்பா கார் டிக்கிக்குக் குடிபோனது.

மறுநாள் இருவரும் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கம்பளிக்குள் குண்டன், தலைமாட்டில் நர்ஸ். பாதி வேலையில் நர்ஸ், "பிரஷர் இறங்குது," என்றாள். டாக்டரம்மா சட்டென்று கையை நிறுத்தினார். மயக்க வாயுவைக் குறைத்தார்கள், டிரிப்ஸைக் கூட்டினார்கள். மாஸ்டரின் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

"காலை எடுங்க. அவங்க பாத்துக்கறாங்க," என்று மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் எண்கள் மெல்ல ஏறின. பல் வெளியே வந்தது.

அதன் பிறகும் டியூபை எடுக்கவில்லை. "இவனுக்கு அவசரப்படக் கூடாது," என்று நர்ஸ் பக்கத்திலேயே இருந்தாள். குண்டன் எச்சில் விழுங்கி, தலையைத் தூக்கி, டியூபைக் கடிக்க ஆரம்பித்த பிறகுதான் உருவினாள். மாஸ்டரை உள்ளே விட்டார்கள். "டேய் குண்டா," என்றதும் வால் ஒருமுறை மேசையைத் தட்டியது. மாஸ்டர் குனிந்து அதன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கார் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பெண்ணிடம் கதையை ஆரம்பித்தார். பிரஷர் இறங்கிய இடத்தில் அவரே இருக்கையை விட்டு எழப்பார்த்தார். சொல்லி முடித்தபோது வண்டி ஊரைத் தாண்டி வந்திருந்தது; வண்டியைத் திருப்பச் சொல்லவோ பிரேக்கை மிதிக்கவோ அவருக்குத் தோன்றவேயில்லை.