நானூறு பூட்ஸ்கள் மிதித்த பலகைகள்

சோல்ஃப்ரிட்டுக்குச் சொந்த வீடு என்று ஒன்று அமைந்தபோது வயது ஐம்பத்து மூன்று. அதுவரை இருந்ததெல்லாம் அடுத்தவர் வீடு. பிறந்து வளர்ந்தது மீன் பதப்படுத்தும் ஆலையின் தொழிலாளர் குடியிருப்பில். கல்யாணமாகிப் போனது கணவன் தூர்கெயிரின் அப்பா அம்மா வீட்டுக்கு. அங்கே பன்னிரண்டு வருஷம். கூடத்தில் தொங்கிய பழுப்புத் திரைச்சீலை அவளுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய நாளிலும் அதேதான் தொங்கியது. விவாகரத்துக்குப் பிறகு மளிகைக்கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்கு. அங்கே சுவரெல்லாம் மருத்துவமனைப் பச்சை. வீட்டுக்காரரிடம் அந்தப் பெயிண்ட் நிறைய மிச்சம் இருந்ததாம்.

வேலை கார்களையும் ஆட்களையும் கரைக்குக் கரை கொண்டுபோகிற ஃபெரிக் கப்பலில். நெஸ் துறையிலிருந்து எதிர்க்கரை ஹோல்மென் துறைக்கு இருபத்திரண்டு நிமிஷம். காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு மேலே ஏறி வருகிறவர்களுக்குக் காபியும் ஸ்வேலெயும் கொடுக்கிற கடை அவளுடையது. ஸ்வேலெ என்பது தடித்த மாவுத் தோசை; அதைக் கல்லில் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, இரண்டாக மடித்துச் சூடாகக் கையில் தர வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கல்லின் முன்தான் நிற்கிறாள். நெஸ்ஸில் அவள் கையால் ஸ்வேலெ வாங்கித் தின்னாத ஆள் கிடையாது.

வாங்கிய வீடு படகுத்துறைக்கு மேலே சரிவில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் கட்டிய மரவீடு. ஒன்பது வருஷமாக ஆளில்லை. மழை அடிக்கிற மேற்குச் சுவரில் பாதிப் பலகை உளுத்துப்போயிருந்தது. உள்ளே தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று லினோலியம் விரிப்பு. எதைக் கிழித்தாலும் அடியிலிருந்து ஈரவாடை வந்தது.

முதலில் பார்க்க வந்தவன் தம்பி ஆர்ன்ஃபின். ஹோல்மென்னில் கட்டுமானப் பொருள் கடை வைத்திருப்பவன். கையில் ரசமட்டத்தோடு வந்தான். கூடத்தில் அதை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இது வீடா, சறுக்குமரமா? இந்த மூலையில உக்காந்தா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்துடலாம் போலிருக்கே!"

"நல்லதாப் போச்சு. நடக்கிற வேலை மிச்சம்" என்றாள் சோல்ஃப்ரிட்.

"சிரிக்காதே. நான் சொல்றதைக் கேளு. தரையை மட்டம் பண்ணி லாமினேட் போட்டுடலாம். கடையில புதுசா வந்திருக்கு, ஓக் மரம் மாதிரியே இருக்கும். வெளிச் சுவருக்கு நல்ல வெள்ளை பெயிண்ட், ஒரே நாள்ல காயுது. ரெண்டு வாரத்துல முடிச்சுக் குடுத்துடறேன்."

"ரெண்டு வாரத்துல நீ முடிச்சுடுவேடா. அப்புறம் முப்பது வருஷம் நான்தானே அதுல இருக்கணும்?"

அவன் முகம் சுருங்கியது. அன்று காபி குடிக்காமலே போய்விட்டான்.

ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை. வீட்டில் எதையுமே தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லாதவள். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று கல்லின் முன் நின்றபடியே வருகிறவர்களை விசாரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கரைகளில் இருந்த தச்சர், பெயிண்டர், குழாய் வேலைக்காரர் எல்லாரும் அந்த ஃபெரியில்தான் போய் வந்தாக வேண்டும். கேட்கவா வேண்டும்!

"பைன் பலகை போடு, காலுக்கு இதமா இருக்கும்" என்றார் ஒரு தச்சர்.

"பைனா? நாற்காலியை நகர்த்தினாலே கோடு விழும். டைல்ஸ் போடு" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

"டைல்ஸ்ல குளிர்காலத்துல கால் வச்சிருக்கியா நீ?" என்று மூன்றாமவர் நுழைந்தார்.

அவர்கள் சண்டை முடிவதற்குள் ஸ்வேலெ தீய்ந்து, ஃபெரி கரை சேர்ந்துவிட்டது. இப்படியே மூன்று வாரம் போயிற்று. யோசனைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்தாள்; நோட்டு நிறைந்ததே தவிர தெளிவு பிறக்கவில்லை.

அக்டோபரில் ஒரு மழைநாள். வரிசையில் நின்றவர்களின் பூட்ஸிலிருந்து மணலும் உப்புநீரும் சொட்டிக் கடையின் முன்னால் குழம்பாகக் கிடந்தது. அதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. வாயால் சொல்லுகிற இந்த ஆட்களை விட அவர்களுடைய கால்கள் உண்மையைச் சொல்லுமே!

மறுநாள் கேப்டன் சிக்பியோர்னிடம் போனாள். அதிகம் பேசாத மனிதர்.

"கேப்டன், என் கடைக்கு முன்னால தரையில நாலு விதத் தரைத் துண்டு பதிச்சு வைக்கணும்."

"எதுக்கு?"

"எல்லாரும் மிதிக்கறதுக்கு."

"தடுக்கி யாராவது விழுந்தா?"

"ஓரத்தைச் சரிவாச் சீவித் தரச் சொல்லியிருக்கேன். அப்புறம் மேல்தளத்துக் கம்பியில ரெண்டு பலகை கட்டணும்."

"அதையும் மிதிப்பாங்களா?"

"அதை மழை மிதிக்கும்."

கேப்டன் மேல்தளத்துக் கம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தண்ணியில விழாமப் பாத்துக்கோ" என்றார்.

அப்படித்தான் சோதனை தொடங்கியது. தரையில் நான்கு சதுரங்கள்: ஆர்ன்ஃபின் கடை லாமினேட், எண்ணெய் தேய்த்த பைன், பளபளப்பான டைல், ஹோல்மென்னுக்கு மேலே மலையில் வெட்டுகிற கரும்பச்சை ஸ்லேட் கல். மேல்தளத்தில் அவள் வீட்டு மேற்குச் சுவரிலிருந்தே பெயர்த்த இரண்டு நல்ல பலகைகள். ஒன்றுக்கு ஒரே நாளில் காயும் வெள்ளை பெயிண்ட். இன்னொன்றுக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயிண்ட். இது காய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு பயணிகளின் கோட்டும் ஒரு நாயின் வாலும் வெள்ளையாகிவிட்டன.

ஒரு நாளைக்கு நானூறு ஜோடி பூட்ஸாவது அந்தச் சதுரங்களை மிதித்தன. ஊரே அதைத் தன் காரியமாக எடுத்துக்கொண்டது. வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த சதுரத்தை மிதிக்காமல் தாண்டிப்போனார்கள்; பிடிக்காததைக் குதிகாலால் நன்றாகத் தேய்த்தார்கள். சோல்ஃப்ரிட் கரண்டியை ஆட்டி அதட்டினாள்: "ஏமாத்தக் கூடாது! எல்லாத்தையும் ஒரே மாதிரி மிதிங்க!"

கிறிஸ்துமஸ் கழிந்து சில வாரங்களில் டைல் குறுக்கே விரிசல் கண்டது. யாரோ கருவிப்பெட்டியைப் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே மூன்று பேர் அதில் வழுக்கியிருந்தார்கள். பைன் நிறையக் கீறல் வாங்கியது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவினால் மறுபடி முகம் தெளிந்தது. ஸ்லேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாமினேட்டின் ஓரங்களில் தண்ணீர் இறங்கி, மார்ச்சில் அது அப்பளம்போல் உப்பி நின்றது. மேல்தளத்தில் ஒரே நாளில் காயும் பெயிண்ட் போட்ட பலகை பிப்ரவரி வரை பளிச்சென்றிருந்தது. பிறகு உள்ளே ஊறியிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் விட்டது. எண்ணெய்ப் பெயிண்ட் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு காலை ஆர்ன்ஃபின் ஃபெரியில் ஏறினான். காரிலிருந்து இறங்கி நேராக மேலே வந்தவன், கடைக்கு முன்னால் நின்று தரையைக் காட்டினான்.

"என்ன பண்ணி வச்சிருக்கே நீ? ஒரு மாசமா ஒருத்தனும் லாமினேட் கேக்கலை. கடைக்குள்ள வரும்போதே 'அந்த அப்பளம் வேண்டாம்'ங்கறான்! சொந்த அக்காவே இப்படிப் பண்ணுவாளா?"

சோல்ஃப்ரிட்டுக்கு முகம் சிவந்தது. தனக்கு ஒரு தரை தேட வேண்டும் என்று மட்டுமே அவள் நினைத்திருந்தாள். தம்பியின் பெயர் அடிபடும் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

"ஆர்ன்ஃபின், நான் உன்னை..."

"நீயே சொல்லு, உன் படுக்கையறையில நானூறு பேர் ஈர பூட்ஸோட நடக்கப்போறாங்களா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நடந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா இதுவரைக்கும் யாரும் வரலைடா."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு தபால்காரர் வேண்டுமென்றே இருமினார். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். ஆர்ன்ஃபின் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தும் பயனில்லை.

அன்று அவள் அவனுக்கு இரண்டு ஸ்வேலெ கொடுத்தாள். இருபத்திரண்டு நிமிஷமும் அவன் பக்கத்திலேயே நின்றாள். பயணிகள் தாங்களே காபி ஊற்றிக்கொண்டார்கள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொண்டாள். ஃபெரி வேறு, படுக்கையறை வேறு. அன்று பிற்பகலே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்: "லாமினேட்: ஈரம் படாத மாடி அறைக்கு அருமை. வாசலுக்கு வேண்டாம்." தான் எழுதியதைத் தானே பின்பற்றினாள். மாடிக்கு லாமினேட், கூடத்துக்குப் பைன், பூட்ஸ் கழற்றுகிற முன்னறைக்கு ஸ்லேட், வெளிச் சுவருக்கு எண்ணெய்ப் பெயிண்ட் என்று முடிவாயிற்று. ஆர்ன்ஃபினும் கல்குவாரிக்குப் போய்ப் பேசி, மே மாதத்திலிருந்து ஸ்லேட்டையும் தன் கடையில் அடுக்கினான். அது நன்றாகவே விற்றது.

வெளிச் சுவரின் நிறத்தில் மட்டும் ஒரு தகராறு. சீட்டுப் பெட்டி வைத்து ஊரைக் கேட்டாள். நூற்றுப் பதினெட்டுச் சீட்டுகளில் தொண்ணூறு பேர் சாம்பல் நிறம் என்று எழுதியிருந்தார்கள். சீட்டுகளை மேசையில் பரப்பி வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் தம்பி கடைக்குப் போய்க் கடுகுப்பூ மஞ்சள் வாங்கி வந்தாள்.

"ஓட்டெடுத்துட்டு இதென்ன அநியாயம்?" என்றார் கேப்டன். அவர் வாயிலிருந்து அவ்வளவு சூடாக ஒரு வாக்கியம் வந்ததே அதிசயம்.

"தரைக்கு உங்க காலைக் கேட்டேன், சரி. நிறத்தை என் கண்ணுதானே பாக்கணும்?"

ஜூனில் லீவு போட்டு அக்காவும் தம்பியும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆர்ன்ஃபின் முட்டி போட்டு ஸ்லேட் பதித்தான். அவள் சாந்து குழைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கல்லையும் அவன் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது, "விடுடா, கொஞ்சம் சரிவு இருக்கட்டும், தண்ணி வாசலுக்கு ஓடும்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "இது எந்தப் பயணி சொன்னது?" "நானே யோசிச்சது" என்றாள். அவன் கல்லை லேசாகத் தட்டிச் சரிவு கொடுத்தான்.

மேற்குச் சுவருக்கு மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய ஒரு வாரம். ஆகஸ்ட் கடைசியில்தான் குடிபோனாள். ஃபெரி நெஸ்ஸை நெருங்கும்போது சரிவில் அந்த மஞ்சள் தெரியும். புதிதாக வருகிறவர்கள், "அது யார் வீடு, அவ்வளவு பளிச்சுனு?" என்று கேட்பார்கள். சோல்ஃப்ரிட் ஸ்வேலெயைப் புரட்டியபடியே "எங்க வீடுதான்" என்பாள்.

இப்போதெல்லாம் வீடு பழுது பார்க்கிறவர்கள் அவளிடம்தான் யோசனை கேட்கிறார்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. மழை எந்தப் பக்கம் அடிக்கிறது, காலையில் எங்கே உட்காருவீர்கள், வீட்டில் நாய் உண்டா என்று திருப்பிக் கேட்கிறாள். கேட்டவர்கள் பதில் சொல்லச் சொல்லத் தாங்களே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். குளியலறை மட்டும் இன்னும் பாக்கி. அதற்கு என்ன போடலாம் என்று ஆர்ன்ஃபினுக்கும் அவளுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வாக்குவாதம் நடக்கிறது. அவன் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறான்.