டிராக்குக்காகக் குறைத்த காற்று

என் தம்பி தினேஷ் ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டிவிட்டு நல்லபடியாகத்தான் திரும்பினான். டயர்தான் அமுங்கியிருந்தது.

"இன்னாடா, காத்தே இல்ல?"

"டிராக்குல ஓட ஓட சூடாயி காத்து ஏறும்ணா. அதான் கொறச்சேன். ரோட்டுக்குத் திரும்ப அடிச்சிக்கிறேன். நீ சும்மா பேஜாராவாத."

எட்டாவதோடு நின்ற எனக்கு அது முழுதாகப் புரியவில்லை.

மறுநாள் கல்பாக்கத்துக்கு வேலைக்குக் கிளம்பினான். 'காற்று அடித்தாயா?' என்று கேட்க வாய் வரை வந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன் என்று சிரிப்பானே என அடக்கிக்கொண்டேன். அடிக்க மறந்துதான் போயிருக்கிறான். ஈ.சி.ஆர். வளைவில் வண்டி வழுக்கிவிட்டது. உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

இப்போது தெருவில் யார் வண்டி எடுத்தாலும் டயரை அமுக்கிப் பார்க்காமல் விடுவதில்லை.

"வுடு அண்ணாத்த, லேட்டாவுது" என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால் எனக்குப் போதும்.