பெரட்டில் எல்லாரும் கூட்டாளி

கங்காணி கிரகோரிக்கு வாய் கொஞ்சம் நீளம். பெக்கோக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு அவர் கூப்பிட்டால், கடைசி லயத்து வீட்டுக் கோழி கூரையேறிவிடும். மூத்தவர்களைத் தவிர, ஆண் என்றால் ‘டேய்’, பெண் என்றால் ‘ஏண்டி’. பாசமும் அதில்தான், கோபமும் அதில்தான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த வாயே எமனாயிற்று. இளம்பெண்களைப் பட்டாளத்தார் இழுத்துப் போகிறார்கள் என்று சேதி வந்த அன்றே, மனைவி செசிலியா மகள் இன்பராணியின் முடியை ஒட்ட வெட்டி, சிலுவார் கால்சட்டை மாட்டிப் பையனாக்கிவிட்டாள். மறுநாள் பெரட்டில் அப்பன் கத்தினார்: “ஏண்டி, மண்வெட்டி எங்க?”

நல்லவேளை, தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாருமில்லை.

“ஒங்க வாயாலதான் புள்ளைய காட்டிக்கொடுக்கப் போறீங்க,” என்று செசிலியா அழுதாள்.

‘தம்பி’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். பெற்ற மகளை அப்படிக் கூப்பிட வாய் கூசியது. அடுத்த சொல்லே ‘டி’ போட்டுக்கொண்டு வந்தது. ‘ஏய் ஆளு’ என்றார். மகள் முகம் சுண்டிவிட்டது. கடைசியில் லயத்துப் பிள்ளைகள் விளையாட்டில் கூப்பிட்டுக்கொள்ளும் சொல் காதில் விழுந்தது: கூட்டாளி. பெண்ணுக்கும் அதுதான், பையனுக்கும் அதுதான்.

ஒருத்தியை மட்டும் அப்படிக் கூப்பிட்டால் சந்தேகம் வருமே? எல்லாரையும் கூப்பிட்டார். தோட்டமே வயிறு குலுங்கச் சிரித்தது. பெரியவர் ஐயாசாமி, “நான் ஒனக்கு மாமன் முறை லா, கூட்டாளியா?” என்று முறைத்தார். புருஷன் பேரைச் சொல்லாத கிருஷ்ணம்மாவோ, முப்பது வருஷத்தில் முதன்முறையாக வீரமுத்துவைக் கூவி அழைத்தாள்: “கூட்டாளி, சாப்பிட வாங்க!” அந்த மனிதர் வெட்கத்தில் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

ஒரு காலை பட்டாளத்தார் வந்தார்கள், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவனோடு. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பயத்தில் இன்பராணி கையிலிருந்த மரவள்ளிக் குச்சிக் கட்டை அப்பன் காலிலேயே போட்டாள். கிரகோரிக்கு வலி உச்சிக்கு ஏறியது. “ஏன்...” என்று வாயைத் திறந்தார். செசிலியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஏன் கூட்டாளி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

மொழிபெயர்ப்பாளன் நின்றான். “அது யாரு?”

“இங்க எல்லாருமே அவருக்குக் கூட்டாளிதான். என்னையே அப்படித்தான் கூப்பிடுறாரு, அலமாக்!” என்று ஐயாசாமி தலையில் அடித்துக்கொண்டார். வரிசை மொத்தமும் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே பட்டாளத்தாரோடு நடையைக் கட்டினான்.

சண்டை முடிந்த சேதி வந்த நாள், கிரகோரி பெரட்டுத் திடலின் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

“ஏண்டி இன்பராணி! எங்கடி போய்த் தொலைஞ்ச?”

கட்டை முடியோடு ஓடி வந்தாள் மகள். “அப்பா, இன்னொரு தடவ கூப்பிடுங்கப்பா.”

கங்காணி வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.