இரண்டு கோடுகளுக்கு நடுவே

மின்பெட்டியைத் திறக்குமுன் ராமதாஸ் அதன் கதவில் காதை வைத்துக் கேட்கிறார். உள்ளே, தகரத்தில் மணலைக் கொட்டுவது போன்ற இரைச்சல். அது ஒரே சீராக இருந்தால்தான் அவருக்குச் சந்தேகம்.

மலேசியாவின் பிறை நகரில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் அவர் சார்ஜ்மேன். அங்குள்ள மின்சாரத்துக்கெல்லாம் பொறுப்பு. கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கிலிருந்து வருகிறார். ஃபெரியில் உயிர்காப்புச் சட்டைகள் இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். "நான் பயந்தாங்கொள்ளிதான் தம்பி. பயப்படாத சார்ஜ்மேன் ரெண்டு பேர எனக்குத் தெரியும். ரெண்டு பேருமே இப்ப இல்லலா."

போன வருடம், தொண்ணூற்றாறில், பாரந்தூக்கியின் மோட்டாருக்குப் புது டிரைவ் வந்தது; மோட்டாரை ஓட்டும் இந்த மின்பெட்டிதான் அது. அதைப் பற்றிக் கேட்டால் மேசைத் தூசியில் விரலால் இரண்டு கோடு இழுக்கிறார். "மோட்டார் முறுக்குற விசை மேல் கோட்டத் தொட்டா, சுவிட்ச மாத்தி இறக்கிடும். கீழ் கோட்டத் தொட்டா ஏத்திடும். நடுவுல இருந்தா தொடாது. அதான் சத்தம் சீரா வராது. மோட்டாருக்குள்ள இருக்கிற காந்த சக்திக்கும் இதே மாதிரி ரெண்டு கோடு. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ பாத்துக்கிட்டே இருக்கும்லா."

கோடுகள் நெருங்கியிருந்தால் சுவிட்சுகள் ஓயாமல் மாறிச் சூடேறும். விலகியிருந்தால் சூடு தணியும்; ஆனால் விசை ஏறி இறங்கி ஆடும். இந்த மார்ச்சில் பெட்டி சூடாகி அடிக்கடி நின்றது. கோடுகளை விலக்கிவைக்கச் சொன்னார் சூப்பர்வைசர் கமால். மறுக்கப் பயந்து ராமதாஸ் விலக்கினார்.

மறுநாள் காலை, மேலே போன இரண்டு டன் கம்பிச்சுருள் நடுங்கத் தொடங்கியது. ஸ்டோரில் வேலை செய்யும் ரோஹானா, கையில் இருந்த பைலைப் பார்த்துக்கொண்டே அதன் கீழே வந்தாள். ராமதாஸ் ஓடிப்போய் அவளைத் தள்ளிவிட்டு, அவள்மேலேயே விழுந்தார். சுருள் விழவில்லை. நடுங்கியபடியே இறங்கியது.

அன்றே கோடுகளை நெருக்கினார். பெட்டி ஆறுவதற்காக, ஐந்து முறை தூக்கினால் பத்து நிமிடம் ஓய்வு என்று எழுதி ஒட்டினார். வேலை தாமதமாவதாகக் கமால் கடிந்துகொண்டார். "பயந்தேன்தான். ஆனா சொல்லிட்டேன், வேணும்னா என்னை மாத்துங்க, அந்தக் கோட்டோட நம்பர மாத்த மாட்டேன்னு."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாரந்தூக்கி ஒரு சுருளைத் தூக்குகிறது. ஆட்டமே இல்லை. ராமதாஸ் அண்ணாந்து பார்த்தபடியே என் சட்டையைப் பற்றிப் பின்னால் இழுக்கிறார். என் முதுகு சுவரில் இடித்த பிறகும் விடவில்லை.